ஒரு கோடு எங்கே பிறந்தது?

பழைய ஸ்டாம்ப் ஒன்றில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. "அச்சுத் தகட்டு விரிசல் சார், அபூர்வம்" என்று சொல்லி விலையை நாலு மடங்கு ஏற்றுவார்கள். நம்பலாமா? நான் முதலில் கேட்பது இதுதான்: இதே கோடு, இதே இடத்தில், இன்னொரு ஸ்டாம்ப்பில் இருக்கா? இல்லையென்றால் அது பெரும்பாலும் தூசி, தாளின் நார், அல்லது யாரோ நகத்தால் கீறியது. மென்பொருளில் ஒரு பிழையை மறுபடி வரவழைக்க முடிந்தால்தான் காரணத்தைத் தேட முடியும். இங்கேயும் அதே கதைதான்.

மறுபடி வந்தால் அடுத்த கேள்வி: எத்தனை தரம் வருது? இதற்கு நல்ல உதாரணம் 1854 அக்டோபர் 1 அன்று இந்தியா முழுமைக்குமாக வெளிவந்த முதல் ஸ்டாம்ப்கள். அச்சிட்டது கல்கத்தாவில் இருந்த சர்வேயர் ஜெனரல் அலுவலகம், பொறுப்பு கேப்டன் துய்லியர். நில அளவைக்காரர்களுக்கும் தபாலுக்கும் என்ன சம்பந்தம்? வரைபடம் அச்சிட அவர்களிடம் கல் அச்சு இருந்தது. நம்ம தென்சென்னைக்கும் இதில் தூரத்து உறவு உண்டு. 1802ல் லாம்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் பக்கம் ஏழரை மைல் அடிக்கோடு அளந்து தொடங்கிய வேலையும் கடைசியில் இதே துறையில்தான் சேர்ந்தது.

கல் அச்சில் படம் முதலில் மூல அச்சில் உருவாகும். அதிலிருந்து சிறப்பு மையில் பல பிரதிகள் எடுத்து, அவற்றைக் கல்லின் மேல் வரிசையாகப் பதிப்பார்கள். பிறகு கல்லில் மை தடவித் தாளில் அச்சிடுவார்கள். ஆக, ஒரு குறை பிறக்க நாலு இடம் உண்டு. மூல அச்சில் பிறந்தால் எல்லா ஸ்டாம்ப்பிலும் வரும். பிரதி எடுக்கும்போது பிறந்தால், அந்தப் பிரதி போய் உட்கார்ந்த இடங்களில் மட்டும் வரும். கல்லில் பிறந்தால் ஒவ்வொரு தாளிலும் ஒரே இடத்தில், ஒரே ஒரு தரம் வரும். அச்சிடும் நேரத்தில் பிறந்தால் அந்தத் தாளோடு சரி.

ஒரு அணா சிவப்பில் ராணியின் மார்பு நுனி சிலவற்றில் கூர்மையாகவும் சிலவற்றில் வளைவாகவும் இருக்கும். அது குறை இல்லை, மூல அச்சே வேறு. நாலணா ஸ்டாம்ப்பில் சிவப்புச் சட்டம் ஒருமுறை, நீலத் தலை ஒருமுறை என்று தாள் இரண்டு தரம் அச்சுக்குப் போகணும். ஒரு தரம் தாள் திரும்பிப் போனால் ராணி தலைகீழ்! உலகப் புகழ் பெற்ற அந்தப் பிழை நாலாவது வகை.

இப்போ அந்த வியாபாரியிடம் திரும்புவோம். அவர் காட்டுவது 1854 கல் அச்சு ஸ்டாம்ப் என்றால், அதைத் தாளில் பதித்தது தகடே இல்லை. தகட்டு விரிசல் எங்கிருந்து வரும்?

உலோகத் தகட்டில் அச்சானவற்றில் நிஜ விரிசல் உண்டு. அது படத்தை மதிக்காது. ஓவியம், சட்டம், ஓர வெள்ளை எல்லாவற்றையும் தாண்டி, சில சமயம் பக்கத்து ஸ்டாம்ப்புக்குள்ளும் ஓடும். நேராக இருக்காது, கோணல்மாணலாகப் போகும். முக்கியமாக, அது வளரும். விரிசல் இல்லாதது, சின்ன விரிசல், நீண்ட விரிசல் என்று அடுக்கினால் எது முன்னால் அச்சானது, எது பின்னால் என்ற வரிசையே கிடைத்துவிடும். அச்சகப் பதிவேடு சொல்லாததைக்கூட விரிசல் சொல்லும்.

ஆனால் அந்த ஸ்டாம்ப் தாளில் எந்த இடம் என்று தெரியணுமே? 1840ன் பென்னி பிளாக்கில் கீழ் மூலை இரண்டிலும் எழுத்து இருக்கும். 240 ஸ்டாம்ப் கொண்ட தாளில் அதன் வரிசையும் இடமும் அதிலேயே தெரிந்துவிடும். நம்ம 1854 ஸ்டாம்ப்களில் அந்த முகவரி கிடையாது. ஒட்டியிருக்கும் பக்கத்து ஸ்டாம்ப்தான் முகவரி.

அதனால் ஒரே வேண்டுகோள்: வீட்டில் பழைய ஜோடியோ, ஓரத்தோடு கூடிய துண்டோ கிடைத்தால் ஆல்பத்துக்காகக் கத்தரிக்காதீங்க. கவரிலிருந்து பிரிக்கவும் வேண்டாம். கத்தரித்தால் ஸ்டாம்ப் இரண்டாகும், சாட்சி ஒன்றும் மிஞ்சாது.