தவளைக்கடிச் செடி சிவந்த கதை

பேரன் மீன் தொட்டி வைத்திருக்கிறான். அதில் நட்ட ரொட்டாலா என்ற செடி, கடையில் பார்த்தபோது செக்கச்செவேல் என்று இருந்ததாம். வீட்டுக்கு வந்ததும் பச்சையாகிவிட்டது. "இரும்புச் சத்து குறைவு" என்று யாரோ சொல்ல, நானும் ஆமாம் போட்டு, பாட்டில் உரம் வாங்கக் காசு கொடுத்தேன். ஒரு மாதத்தில் கண்ணாடி முழுக்கப் பாசி. செடி அதே பச்சை. தொட்டியையே தூக்கிப் போடுகிறேன் என்று பையன் அழாத குறை. யோசனை என்னுடையது அல்லவா, எனக்குத் தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து படித்தேன்.

பள்ளியில் எங்கள் முசியே கரும்பலகையில் 'அந்தோசியான்' என்று எழுதியது நினைவுக்கு வந்தது. 1835இல் மார்க்வார்ட் என்ற ஜெர்மன் மருந்தாளர் வைத்த பெயர். கிரேக்கத்தில் பூ, நீலம் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. இலையைச் சிவப்பாக்குவதற்கு நீலத்தின் பெயர்! அன்று வகுப்பே சிரித்தது.

அந்தச் சிவப்பு எப்படி உண்டாகிறது என்பதற்கு முக்கியமான துப்பு ஒரு நீர்ச்செடியில்தான் கிடைத்தது. ஓவர்டன் இங்கிலாந்தில் பிறந்து, சூரிக்கில் படித்து, அங்கேயே ஆய்வு செய்தவர். செல்லுக்குள் நீர் எப்படிப் போய்வருகிறது என்று பார்க்க, செடிகளைச் சர்க்கரைக் கரைசலில் வைப்பார். ஐரோப்பியக் குளங்களில் மிதக்கும் ஒரு சின்னச் செடி; அதன் இலத்தீன் பெயருக்குத் 'தவளைக்கடி' என்று பொருள். கரைசலில் அது விட்ட புது இலைகள், வெறும் நீரில் விட்டவற்றைவிடச் சிவப்பாக வந்தன. தேடிப் போனது ஒன்று, கிடைத்தது வேறு. 1899இல் எழுதி வெளியிட்டார்: இலையில் சர்க்கரை சேர்ந்தால் சிவப்பு கூடும், பலத்த வெளிச்சமும் குளிரும் அதற்குத் துணை.

பத்தாண்டு கழித்துப் பிரான்சில் ராவுல் கோம்ப் என்பவர், கிளையின் பட்டையை வளையமாக உரித்துப் பார்த்தார். சர்க்கரை கீழே இறங்க வழியில்லை. மேலே இருந்த இலைகள் சிவந்தன.

வெளிச்சம் சர்க்கரையைச் செய்கிறது. அதைப் புரதமாக்கி வளர இலைக்குத் தழைச்சத்து வேண்டும். அது குறைந்தால், கையெழுத்துக்குக் காத்திருக்கும் கோப்பு மாதிரி சர்க்கரை இலையிலேயே தேங்கும், சிவப்பு ஏறும். அந்தோசியான் மூலக்கூறில் இரும்பு கிடையாது. இரும்பு பச்சையத்துக்கு வேண்டியது; இல்லாவிட்டால் இலை வெளுக்கும். நான் ஊற்றச் சொன்னது எதற்கு என்று இப்போது தெரிகிறது!

எல்லாச் சிவப்பும் இது அல்ல. தொட்டிக்காரர்கள் வளர்க்கும் ஆல்டர்நாந்தெரா நம் பொன்னாங்கண்ணியின் உறவு. அதன் சிவப்பு பீட்ரூட் சாதி. அதிலேயே தழைச்சத்து உண்டு. அதைப் பட்டினி போடுவது வீண்.

கடை விளக்கு ஒரு பக்கம். சிவப்பு ஒளி மிகுந்த விளக்கில் சிவப்பு தூக்கிக் காட்டும். புடவைக் கடையில் ஏமாந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

பாசியைச் சுரண்டி, உரத்தைக் குறைத்து, விளக்கைத் தாழ்த்தி வைத்தோம். மூன்றாவது வாரம் நுனி இலைகள் சிவந்தன. நிழலில் கிடக்கும் அடி இலைகள் இன்னும் பச்சைதான்.

"அப்போ ரெண்டு கரண்டி சர்க்கரை போடலாமா தாத்தா?" என்றான். வேண்டாம் என்றேன். கிருமி பெருகி நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் மூச்சு முட்டிச் சாகும். ஓவர்டன் கிண்ணத்தில் மீன் இல்லை.