21 இலக்க எண்ணும் 259 ஆண்டுகளும்

1644இல் பாரிஸ் துறவி மரின் மெர்சென், 2இன் 67ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் கிடைப்பது பகா எண் என்று எழுதினார். 147573952589676412927! கையால் யார் சோதிப்பது? இரு நூற்றாண்டுக்கு மேல் அவர் சொல்லே நின்றது.

1876இல் பிரான்சின் எதுவார் லூக்கா அது பகு எண்ணே என்று நிறுவினார். ஒரு காரணியைக்கூடக் காணாமலே அப்படித் தீர்ப்புச் சொல்ல முடிந்ததுதான் அவர் முறையின் பேரழகு.

காரணிகளைக் கண்டவர் அமெரிக்கரான ஃபிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபரில், அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில், 193707721ஐ 761838257287ஆல் பெருக்கினால் அதே எண் வருவதைக் காட்டினார். வாய் திறக்காமல் கரும்பலகையில் பெருக்கி முடித்தார், அவை கைதட்டியது என்று கணித உலகம் இன்றும் கதை சொல்கிறது.

இப்படிப் பகா எண் தரும் அடுக்குகள் என மெர்சென் தந்த பட்டியலில் 257உம் தவறு. அவர் தவறவிட்ட 61, 89, 107 ஆகிய அடுக்குகள் 1883க்கும் 1914க்கும் இடையில் பட்டியலில் சேர்ந்தன.