டோல்கேட் ஸ்டிக்கரும் ஒரு சந்தையும் - ஆர்.எஃப்.ஐ.டி. வந்த கதை

அரியலூரில் சிமென்ட் ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் வழியாகச் சென்னைக்குக் கிளம்பும் லாரி, வழியில் ஐந்து டோல்கேட்களைக் கடந்தாக வேண்டும். திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர். பத்து வருடங்களுக்கு முன்பு இந்த ஐந்து இடத்துக்கும் கணக்குப் பார்த்து ஓனர் ரொக்கமாகக் கொடுத்து அனுப்புவார். டிரைவர் ஒவ்வொரு இடத்திலும் வரிசையில் நின்று, கையை வெளியே நீட்டி நோட்டைக் கொடுத்து, ரசீதையும் மீதிச் சில்லறையையும் வாங்கிக்கொள்வார். சில்லறை இல்லையென்றால் சாக்லேட் வரும் :-) திரும்பி வந்ததும் அந்த ரசீதுகளை வைத்துத்தான் டிரிப் கணக்கு முடியும்.

இன்றைக்கு அந்த லாரியின் முன் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. இரண்டு அச்சு லாரி என்றால் பச்சை, மூன்று அச்சு என்றால் மஞ்சள், நான்கு முதல் ஆறு அச்சு வரை இளஞ்சிவப்பு. காருக்கு ஊதா. இந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. மெல்லிய உலோக ஆன்டெனா ஒன்றும், மிளகை விடச் சிறிய சில்லு ஒன்றும்தான் இருக்கின்றன. மேலே மாட்டியிருக்கும் ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சக்தியை எடுத்துக்கொண்டு, தன் எண்ணைத் திருப்பிச் சொல்லிவிடும். இதுதான் ஆர்.எஃப்.ஐ.டி., அதாவது ரேடியோ அலை மூலம் அடையாளம் காணும் தொழில்நுட்பம்.

தொழில்நுட்பம் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கும் கட்டுரைகள் நிறைய உண்டு. வணிகவியல் படிப்பவர்களுக்குச் சுவாரசியமான கேள்வி வேறு. ஐம்பது வருடங்களுக்கும் மேலாகக் கையில் இருந்த ஒரு பொருளுக்கு ஏன் இவ்வளவு தாமதமாகச் சந்தை கிடைத்தது? உலகத்தின் மிகப் பெரிய கடைக்காரர் உத்தரவு போட்டும் நடக்காத ஒன்று, பெரம்பலூர் ரோட்டில் எப்படி நடந்தது?

முதலில் பழைய கதை. 1945-இல் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றைச் சோவியத் பள்ளிக் குழந்தைகள் பரிசாகக் கொடுத்தார்கள். தூதர் அதைச் சுவரில் மாட்டி வைத்தார். அதற்குள் லியோன் தெரமின் செய்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. பேட்டரி இல்லாதது, வெளியிலிருந்து ரேடியோ அலை அனுப்பினால் மட்டும் உயிர் பெறுவது. 1952-இல்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. இன்றைய ஸ்டிக்கருக்கு அது ஒரு வகையில் பெரியப்பா முறை. 1948-இல் ஹாரி ஸ்டாக்மன் என்பவர் எதிரொளிக்கும் அலை மூலம் தகவல் அனுப்பலாம் என்று ஆய்வுக் கட்டுரையே எழுதிவிட்டார். 1973-இல் மரியோ கார்டுல்லோ நினைவகம் உள்ள ரேடியோ டேக் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதே வருடம் சார்லஸ் வால்டன் சாவியில்லாமல் கதவு திறக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்.

இதில் கவனிக்க வேண்டியது, கார்டுல்லோ தன் கருவியை 1971-இல் நியூயார்க் துறைமுக ஆணையத்துக்குக் காட்டியபோது சொன்ன பயன் டோல் வசூல்தான்! அதாவது இந்தத் தொழிலுக்குச் சொல்லப்பட்ட முதல் பயன்களில் டோல்கேட்டும் ஒன்று. ஆனால் அன்றைய விலைக்கு வாங்க ஆள் இல்லை. 1987-இல் நார்வேயிலும், 1991-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்திலும் மின்னணு டோல் வசூல் ஓடத் தொடங்கியது. அவையெல்லாம் தனித்தனித் தீவுகள். ஓர் ஊர் டேக் இன்னொரு ஊரில் வேலை செய்யாது.

பெரிய கனவு 1999-இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஆட்டோ-ஐ.டி. மையத்தில் பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் கெவின் ஆஷ்டனோடு, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த சஞ்சய் சர்மாவும் ஒருவர். அவர்கள் யோசனை எளிமையானது. டேக்குக்குள் எல்லாத் தகவலையும் திணிக்காதே. வெறும் எண் மட்டும் இருக்கட்டும், மற்றது கம்ப்யூட்டரில் இருக்கட்டும். எண் மட்டும் என்றால் சில்லு சிறியதாகும், சில்லு சிறியதானால் விலை இறங்கும். ஒரு டேக் 5 சென்ட் என்பது அவர்கள் இலக்கு.

இந்தக் கனவை நம்பி 2003 ஜூனில் வால்மார்ட் ஓர் உத்தரவு போட்டது. தனக்குச் சரக்கு அனுப்பும் முதல் 100 நிறுவனங்களும் 2005 ஜனவரி முதல் பெட்டிகளிலும் பேலட்களிலும் டேக் ஒட்டியே அனுப்ப வேண்டும். அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் பார்த்தால், பார்கோடுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றே தோன்றும். சந்தை ஆய்வு நிறுவனங்கள் ஆளாளுக்கு ஒரு கணிப்பு விற்றன.

நடந்தது வேறு. டேக்கை வாங்கி ஒட்டும் செலவு சரக்கு அனுப்புபவருடையது. சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்து லாபம் பார்ப்பது வால்மார்ட். செலவு ஒருவர் தலையில், வரவு இன்னொருவர் பையில். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் செலவு செய்பவர் என்ன செய்வார்? கடைசி நிமிடத்தில் பெயருக்கு ஒட்டி அனுப்புவார். அதுதான் பல இடங்களில் நடந்தது. தண்ணீரும் உலோகமும் இந்த அலைகளுக்கு எதிரி என்பதால் ஷாம்பு பெட்டியும் தகர டப்பாவும் சரியாகப் படிக்கப்படவும் இல்லை. சில வருடங்களில் அந்த உத்தரவு சத்தமில்லாமல் தளர்ந்துவிட்டது. துணிக்கடைகளில் மட்டும் டேக் பின்னாளில் நன்றாகவே பிடித்துக்கொண்டது. அங்கே ஒட்டுபவரும் பயன் பெறுபவரும் பெரும்பாலும் ஒரே நிறுவனம்.

ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து ஓர் உருப்படியான விஷயம் மிஞ்சியது. 2004 டிசம்பரில் 'ஜென் 2' என்ற பொதுத் தரம் ஒப்புக்கொள்ளப்பட்டது, பிறகு அது ஐ.எஸ்.ஓ. 18000-6சி என்ற உலகத் தரமும் ஆனது. யார் செய்த டேக்கையும் யார் செய்த ரீடரும் படிக்கலாம். போட்டி வந்தது, விலை இறங்கியது. வால்மார்ட்டுக்காகச் சமைத்த சாப்பாட்டில் பெரிய பந்தி நம் ஊரில் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இந்தியாவில் 2005-இல் 865-867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு விதி செய்தது. செய்தித்தாளில் யாரும் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்த விதி இல்லாமல் ஒவ்வொரு ரீடருக்கும் உரிமம் வாங்க அலைந்திருந்தால் இந்தத் தொழில் கிளம்பியே இருக்காது.

அப்போது டெல்லி-குர்கான் போன்ற ஒன்றிரண்டு சாலைகளில் மின்னணு டோல் இருந்தது. அது பேட்டரி உள்ள விலை அதிகமான கருவி. அந்தச் சாலைக்கு மட்டும்தான் உதவும். தமிழ்நாட்டிலிருந்து மகாராஷ்டிரா போகும் லாரி, சாலைக்கு ஒரு கருவி என்று கண்ணாடி முழுக்க மாட்டிக்கொண்டு போக முடியுமா? 2010-இல் சாலைத்துறை அமைச்சராக இருந்த கமல்நாத், நந்தன் நிலேகனி தலைமையில் ஒரு குழு அமைத்தார். நாடு முழுக்க ஒரே முறை வேண்டும், அது பேட்டரி இல்லாத ஜென் 2 டேக்காக இருக்க வேண்டும் என்று அந்தக் குழு அதே வருடம் பரிந்துரைத்தது. டேக் விலை சுமார் 100 ரூபாய் ஆகும் என்பது முக்கியமான காரணம். இந்தக் கதையில் மிகப் பெரிய வணிக முடிவு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். இருப்பதிலேயே உயர்ந்த தொழில்நுட்பத்தை அவர்கள் தேடவில்லை. பல கம்பெனிகள் செய்து விற்கக்கூடிய மலிவான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2012 ஏப்ரலில் ஹரியானாவின் சண்டிமந்திர் டோல்கேட்டில் முன்னோட்டம். 2014-இல் டெல்லி-மும்பை சாலையில் ஃபாஸ்டேக் என்ற பெயரில் ஆரம்பம். ஆனால் ஆளே வரவில்லை! 2016-17-இல் டேக் மூலம் கட்டினால் 10 சதவீதம் பணம் திரும்பத் தருவதாகச் சொல்லியும் கூட்டம் சேரவில்லை. தள்ளுபடி கொடுத்தால் கிராக்கி கூடும் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். இங்கே அது எடுபடவில்லை. பாதி டோல்கேட்டில் ரீடர் வேலை செய்யாது, டேக் லைனில் ரொக்க வண்டி நிற்கும், பிறகு எதற்கு வாங்குவது? வாங்க ஆள் இல்லாததால் ரீடரைச் சரி செய்யவும் அவசரமில்லை. முட்டையா கோழியா கதைதான்.

2016 நவம்பர் 8-இல் பணமதிப்பு நீக்கம் வந்தது. நாடு முழுக்க டோல் வசூல் நிறுத்தப்பட்டு டிசம்பர் 2 நள்ளிரவு வரை வண்டிகள் சும்மா போயின. ரொக்கத்தை நம்பி ஒரு வசூல் முறை இருந்தால் என்ன ஆகும் என்பது அரசுக்குப் புரிந்தது. 2017 டிசம்பர் 1 முதல் விற்கும் புதிய நான்கு சக்கர வாகனங்களுக்கு ஃபாஸ்டேக் கட்டாயம். 2019 டிசம்பரில் பெரும்பாலான லைன்கள் டேக் லைன்களாயின. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் டேக் இல்லையென்றால் இரு மடங்கு கட்டணம் என்று விதி வந்தது. தள்ளுபடியால் வராத கூட்டம் அபராதத்தால் வந்தது.

வால்மார்ட் உத்தரவுக்கும் இந்த உத்தரவுக்கும் என்ன வித்தியாசம்? டேக்குக்கு 100 ரூபாய் செலவு செய்யும் லாரிக்காரருக்கே டீசலும் நேரமும் மிச்சம். சராசரிக் காத்திருப்பு 734 வினாடியிலிருந்து 47 வினாடியாகக் குறைந்ததாக அரசு சொல்கிறது. அரசுக்கணக்கு என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் குறைந்தது உண்மை. ஃபாஸ்டேக் வசூல் 2021-இல் 34,778 கோடி ரூபாய், 2022-இல் 50,855 கோடி. இப்போது பயனர்கள் 8 கோடிக்கு மேல்.

ஆனால் இந்த லாபம் எல்லாருக்கும் ஒரே மாதிரி பிரியவில்லை. ரொக்கக் காலத்தில் ஐந்து டோல்கேட் பணம் டிரிப் முடியும்வரை டிரைவர் சட்டைப் பையில் இருந்தது. இப்போது அது முன்கூட்டியே வங்கியில் போய் உட்கார்ந்திருக்கிறது. பத்து லாரி வைத்திருப்பவருக்கு அது கணிசமான நடைமுறை மூலதனம். லாரி எந்த டோலைக் கடந்தது என்று ஓனர் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. ரசீதில் ஏமாற்றும் வழி அடைபட்டது, டிரைவர் வழியில் ஒதுங்கி ஒரு மணி நேரம் தூங்குவதும் கணக்கில் தெரிகிறது. 2024 ஜனவரி 31-இல் ரிசர்வ் வங்கி பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிக்குத் தடை போட்டு, மார்ச் 15-க்குப் பிறகு அந்த ஃபாஸ்டேக்கில் பணம் ஏற்ற முடியாது என்றானபோது, நன்றாக இருந்த ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு வேறு வாங்க வேண்டியிருந்தது. டேக் பழுதாகவில்லை, அதன் பின்னால் இருந்த வங்கிக்குத்தான் சிக்கல். 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு 200 பயணம் என்று வருடாந்திர பாஸ் வந்தது. அது சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும். சிமென்ட் லாரிக்குக் கிடையாது.

பெரம்பலூர் ரோட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2022 அக்டோபரில் திருமாந்துறை, செங்குறிச்சி இரண்டு சாவடிகளிலும் சேர்த்து ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்கள் அங்கேயே போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ரீடர் எண்ணைப் படித்து, டோல்கேட் வங்கிக்கு அனுப்பி, அங்கிருந்து தேசியக் கொடுப்பனவுக் கழகம் வழியாக டேக் கொடுத்த வங்கிக்குப் போய்ப் பணம் கழியும் சங்கிலியில், நோட்டு எண்ணிச் சில்லறை கொடுக்கும் ஆளுக்கு இடமில்லை. வேலை முழுவதும் ஒழிந்துவிடவும் இல்லை. டேக் படிக்காத வண்டியிடம் சண்டை போட ஓர் ஆள் இன்னும் தேவைப்படுகிறார்.

அப்படியானால் வருமானம் யாருக்கு? சில்லு வடிவமைப்பதில் பெரிய பெயர்கள் நெதர்லாந்தின் என்.எக்ஸ்.பி.யும் அமெரிக்காவின் இம்பின்ஜும். அதன் மேல் ஸ்டிக்கராக்கி விற்பவர்கள், ரீடர் மாட்டிப் பராமரிப்பவர்கள், சாஃப்ட்வேர் எழுதுபவர்கள், ஒவ்வொரு வசூலிலும் ஒரு சிறு பங்கு பெறும் வங்கிகள் என்று தொழில் கிளைவிட்டிருக்கிறது. ஸ்டிக்கர் விற்பனையில் லாபம் குறைவு. பணம் திரும்பத் திரும்பப் புரளும் இடத்தில்தான் நிலையான வருமானம்.

டோல்கேட்டுக்கு வெளியிலும் இதே டேக் வேலைக்கு வந்துவிட்டது. இந்தியாவின் பல சிமென்ட் ஆலைகளில் லாரி உள்ளே நுழையும்போது டேக் படிக்கப்படுகிறது, எடை மேடையில் காலி எடை தானாகப் பதிவாகிறது, லோடு ஏற்றியபின் மறுபடி எடை, வெளியே போகும்போது மறுபடி சரிபார்ப்பு. எடைச் சீட்டில் கை வைக்கும் வேலை இதனால் கஷ்டமாகிறது. 1979-இல் அரசு சிமென்ட் ஆலை வந்ததிலிருந்து சுண்ணாம்புக்கல்லை நம்பி வாழும் அரியலூர் போன்ற ஊரில், ரோட்டில் ஓடும் லாரிகளின் எண்ணிக்கையைப் பார்த்தாலே இந்தச் சந்தையின் அளவு தெரியும்.

அடுத்த கட்டம் கம்பமே இல்லாத டோல். வண்டி நிற்காமல் ஓட, மேலே உள்ள ரீடர் டேக்கையும் கேமரா நம்பர் பிளேட்டையும் படிக்கும். இதற்கான முதல் ஒப்பந்தம் 2025 ஆகஸ்டில் குஜராத்தின் சோர்யாசி டோல்கேட்டுக்குக் கையெழுத்தானது. அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் பக்கம் போகும் சிதம்பரம் ரோட்டில், மணகெதி டோல்கேட்டை அந்த முறை எட்டும்போது, டேக் படிக்காத வண்டியோடு சண்டை போடும் அந்தக் கடைசி ஆளும் எங்கே உட்காருவார் என்று இப்போதே கேட்டுவைப்பது நல்லது.