ஸ்ரீரங்கப்பட்டணத்து நூலகமும் நம் வீட்டு அலமாரியும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

முதன்முதலாக அருளப்பெற்ற இறைவசனங்களிலேயே எழுதுகோல் பேசப்படுகிறது. ‘அல்கலம்’ என்னும் பெயரில் ஓர் அத்தியாயமே திருக்குர்ஆனில் உண்டு. ஆகவே இச்சமுதாயம் எழுத்தை வணக்கத்திற்கு நெருக்கமான பணியாகக் கருதியதில் வியப்பில்லை. யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தோர் பலர் ஷஹீதான பின்னர், கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களின் ஆணைப்படி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் தோல்களிலும் எலும்புகளிலும் பேரீச்ச மட்டைகளிலும் எழுதப்பட்டிருந்தவற்றையும் மனிதர்களின் நெஞ்சங்களில் இருந்தவற்றையும் ஒன்றுதிரட்டினார்கள். கையெழுத்துப் பிரதியின் நெடிய வரலாறு அங்கே தொடங்குகிறது.

அளந்து எழுதப்பட்ட அழகு

தொடக்ககாலப் பிரதிகளில் எழுத்துகளைப் பிரித்தறியும் புள்ளிகளும் உயிர்க்குறிகளும் மிகக் குறைவு. அரபியரல்லாதார் பெருமளவில் இஸ்லாத்தில் இணைந்தபோது, பிழையின்றி ஓதுவதற்கு அக்குறிகள் இன்றியமையாதனவாயின. ஆயினும் வசனமல்லாத எதனையும் முஸ்ஹஃபில் சேர்க்க முற்கால அறிஞர் சிலர் விரும்பவில்லை. இத்தயக்கமே நம் நூல்களின் அலங்காரத்திற்கு ஓர் ஒழுங்கை வகுத்துத் தந்தது எனலாம். வசனம் முடியுமிடத்தில் ஒரு பொன்வட்டம், பத்து வசனங்களுக்கு ஒருமுறை ஓரத்தில் ஒரு பதக்கம், ஸஜ்தாவுக்கும் ஜுஸ்உவுக்கும் தனித்தனி அடையாளம் எனக் கண்ணுக்கு விருந்தாகும் பூவேலை ஒவ்வொன்றும் ஓதுபவருக்கு வழிகாட்டியாகவும் அமைந்தது. உயிருள்ளவற்றின் உருவங்களுக்கு அங்கே இடமில்லை. கொடிகளும் கோணங்களுமே போதுமானவையாக இருந்தன.

பாக்தாதில் அமைச்சராயிருந்த இப்னு முக்லா (மறைவு 940) எழுத்துக்கு அளவுமுறை வகுத்தார். நாணற்பேனாவின் முனை தாளில் பதிக்கும் சாய்சதுரப் புள்ளியே அளவுகோல். ‘அலிஃப்’ இத்தனை புள்ளி உயரம் என நிர்ணயித்து, மற்ற எழுத்துகளை அதனோடு பொருத்தினார். அரசியல் பகையால் அவருடைய வலக்கை துண்டிக்கப்பட்டது. அதன் பின்னரும் கையோடு எழுதுகோலைக் கட்டிக்கொண்டு அவர் எழுதினார் என வரலாற்றாசிரியர் குறிப்பிடுகின்றனர். அவர் வழியில் வந்த இப்னுல் பவ்வாப் ஹிஜ்ரி 391இல் எழுதிய திருக்குர்ஆன் இன்றும் டப்ளின் நகரத்துச் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது.

ஒரு பக்கம் உருவான விதம்

சிறுமுகை நெசவாளர் பாவுக்குக் கஞ்சி போடுவதை நாம் அறிவோம். தாளுக்கும் அவ்வாறே கஞ்சி பூசி உலர்த்தி, வழவழப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்து மெருகேற்றுவர். இல்லாவிடில் மை பரவிவிடும். அடுத்து, வரிகள் நேராக அமைய ‘மிஸ்தரா’ என்னும் பலகை. அட்டையொன்றில் நூலிழைகளை வரிவரியாக இழுத்துக் கட்டியிருப்பர். தாளை அதன்மேல் வைத்து விரலால் அழுத்தினால் கோடுகள் மேடாகப் பதியும். மையில்லாக் கோடாதலால் எழுதி முடித்தபின் அது கண்ணை உறுத்தாது.

விளக்குப் புகைக்கரியை வேலம்பிசினோடு குழைத்தால் கறுப்பு மை. தலைப்புகளுக்குச் சிவப்பு மை. பொற்றகட்டைத் தேனிலோ பிசினிலோ அரைத்து, நீரில் கழுவித் தெளியவைத்து, தூரிகையால் தீட்டிப் பின் மெருகிடுவர். நீலத்திற்கு ஆப்கானிய மலைகளின் பதக்ஷானிலிருந்து வந்த கல் பயன்பட்டது. பக்க எண்ணுக்குப் பதிலாக, அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை இந்தப் பக்கத்தின் அடியில் எழுதிவைத்தனர். தாள்கள் கலைந்தாலும் அச்சொற்களைப் பற்றிக்கொண்டு மீண்டும் வரிசைப்படுத்தலாம்.

எழுதியவர் பெரும்பாலும் இறுதிப் பக்கத்தில்தான் தம் பெயரையும் ஊரையும் நாளையும் குறிப்பார். அதிலும் தம்மைப் பாவமன்னிப்பை நாடும் எளிய அடியானாகவே அறிமுகப்படுத்திக்கொண்டு, படிப்பவரிடம் துஆவை வேண்டுவார். சில பிரதிகளில் ‘கபீகஜ்’ என்னும் சொல்லும் காணப்படும். அது பூச்சிகளை விரட்டும் ஒரு செடியின் பெயர். பிற்காலத்தார் சிலர் அதனைப் பூச்சிகளின் அரசன் பெயரென மயங்கி எழுதலாயினர். மார்க்கத்தில் அதற்கு ஆதாரமில்லை. கரையானைக் கண்டு நம் முன்னோர் எவ்வளவு அஞ்சினர் என்பதற்கு மட்டும் அது சான்று.

கொங்குநாட்டை ஆண்டவரின் நூலகம்

காரமடையும் அதைச் சூழ்ந்த கோவைச் சீமையும் 1799 வரை மைசூர் ஆட்சியின்கீழ் இருந்தன. கெஜலட்டிக் கணவாய் வழியே படைகளும் வணிகரும் மைசூருக்கும் இங்குமாக நடந்தனர். கோயம்புத்தூரின் கோட்டைமேடு இன்றும் பழைய கோட்டையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த ஆட்சியின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்குச் சுமார் 2,000 நூல்கள் கொண்ட நூலகம் இருந்தது. குர்ஆன், தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹ், தஸவ்வுஃப், மருத்துவம், வரலாறு, கவிதை எனப் பல துறை நூல்கள் அங்கிருந்தன. அவற்றுள் ஒரு பகுதி சாவனூர், கடப்பா, கர்நாடகப் பகுதிகளில் நடந்த போர்களின்போது கைப்பற்றப்பட்டவை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்தது, சுல்தான் ஷஹீதானார். நூலகம் கும்பினியார் வசமாயிற்று. சில நூல்கள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. பெரும்பகுதி கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்குச் சென்றது. சார்லஸ் ஸ்டூவர்ட் அவற்றிற்கு ஓர் அட்டவணை தயாரித்து 1809இல் வெளியிட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் புதிதாகக் கட்டப்பட்ட நூல்களின் தோலட்டை அமைப்பையும் அவர் அதில் விவரிக்கிறார்: நடுவே ஒரு பதக்கம், நான்கு மூலைகளிலும் நான்கு கலீஃபாக்களின் பெயர்கள், மேலே ‘ஸர்க்காரே குதாதாத்’, அதாவது இறைவன் அருளிய அரசு, கீழே ‘அல்லாஹு காஃபீ’, அதாவது அல்லாஹ் போதுமானவன். அரசு போய்விட்டது, அந்த முத்திரைகள் கடல் கடந்த நூலகங்களில் எஞ்சியிருக்கின்றன. பறித்துச் சென்றவர்களே அட்டவணையும் எழுதினார்கள் என்பது வரலாற்றின் கசப்பான முரண்.

அரபுத்தமிழ் ஏடுகள்

அரசர்களுக்கு மட்டுமுரியதன்று இக்கலை. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் ஆலிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதும் மரபை வளர்த்தனர். ழ, ள, ண, ட, ப போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிப் புதிய வடிவங்களை அமைத்துக்கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அரபுத்தமிழில் எழுதிய நூல்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் ஓதப்பட்டன. எழுதப்படிக்கக் கற்ற பெண்கள் பலர் மார்க்கச் சட்டங்களை அறிந்துகொண்டது இவ்வேடுகள் வழியாகவே. அவற்றில் பொன்வேலை அரிது; ஓயாது புரட்டப்பட்டதால் தேய்ந்த ஓரங்களே அவற்றின் அலங்காரம்.

பின்னர் கல்லச்சு வந்தது. அதிலும் காத்திபின் கையெழுத்தே அச்சாயிற்று. ஆகவே வீட்டில் உள்ள பழைய நூல் கையெழுத்துப் பிரதியா, கல்லச்சா என்ற ஐயம் எழும். இறுதியில் அச்சகத்தின் பெயர் இருந்தால் அது கல்லச்சு. மையின் அடர்த்தி கூடியும் குறைந்தும் இருப்பதும், ஒரே வரியில் சிவப்பும் கறுப்பும் கலந்து வருவதும் பெரும்பாலும் கையெழுத்தின் அடையாளங்கள்.

கண்ணியமும் கவனமும்

சிதைந்த முஸ்ஹஃபைத் தூய இடத்தில் அடக்கம் செய்யலாம் என்பது ஃபுகஹாக்கள் காட்டிய கண்ணியமான வழி. காலில் மிதிபடாதிருக்கவே அந்த ஏற்பாடு. ஆனால் எது சிதைந்தது, எது பழையது என்று பிரித்துப் பாராமல், பள்ளிவாசல் பரணில் இருப்பதையெல்லாம் சாக்கில் கட்டிப் புதைத்துவிடும்போது, அரிய ஏடுகளும் மண்ணுக்குள் போய்விடுகின்றன. யமனின் ஸன்ஆ பெரிய பள்ளிவாசலில் 1972இல் கூரையைப் பழுதுபார்த்தபோது, உட்கூரைக்கு மேலே தேய்ந்த தோல் ஏடுகள் குவியலாகக் கிடைத்தன. அவற்றுள் சில உலகின் மிகப் பழைய குர்ஆன் பிரதிகளைச் சேர்ந்தவை. கண்ணியத்தோடு ஒதுக்கி வைத்ததால் அவை தப்பின.

எனவே காரமடை, மேட்டுப்பாளையம், அன்னூர் என எவ்வூராயினும், பாட்டனார் விட்டுச்சென்ற பெட்டியை அப்புறப்படுத்துமுன் ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். இறுதிப் பக்கத்தை முதலில் பாருங்கள். ஹிஜ்ரி ஆண்டு இருக்கக்கூடும். ஹிஜ்ரி 1300 தொடங்கியது 1882 நவம்பரில் என்பதை நினைவிற்கொண்டால் காலம் புலப்படும். ஓரக்குறிப்புகளில் குடும்பத்தாரின் பிறப்பும் இறப்பும் எழுதப்பட்டிருக்கலாம். பசைநாடா ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். ஈரமில்லாத இடத்தில் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் வரிசையாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலுள்ள அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் அரபு, பாரசீக, உருதுச் சுவடிகளையும் காத்துவருகிறது.

சுல்தானின் நூலகத்தை நம்மால் மீட்க இயலாது. நம் வீட்டு அலமாரி இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. பெயர் தெரியாத ஒரு காத்திப் விளக்கொளியில் அமர்ந்து எழுதி, கடைசி வரியில் நம்மிடம் ஒரு துஆவைக் கேட்டிருக்கலாம். அவ்வரியைப் படிக்காமலே மண்ணில் மூடிவிட வேண்டாம். எழுதியோர்க்கும் காத்தோர்க்கும் வல்ல அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.