சீசன் டிக்கெட்டும் ஜிம் நோட்டும் - டேட்டாபேஸ் வந்த கதை

டேட்டாபேஸ் என்றதும் ஏதோ பெரிய பெரிய கம்பெனிகளின் ஏ.சி. அறைக்குள் இருக்கும் சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கடம்பத்தூர் ரயில் நிலையத்தில் ஏறி இறங்கும் சீசன் டிக்கெட் பயணிகளின் சட்டைப் பையில், பல ஆண்டுகளாகவே ஒரு நல்ல டேட்டாபேஸின் அடிப்படைத் திட்டம் இருந்து வந்திருக்கிறது!

திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே இருக்கும் ஊர் கடம்பத்தூர். தென்னிந்தியாவின் முதல் ரயில், 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்தப் பாதையில்தான். இங்கிருந்து தினமும் வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் சீசன் எடுக்கும்போது, ரயில்வே அவர்களுக்குப் புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை ஒன்றைக் கொடுக்கும். அந்த அட்டைக்கு ஒரு எண் உண்டு. மாதாமாதம் வாங்கும் சீசன் சீட்டில் அந்த எண் இருக்க வேண்டும். சீட்டு காலாவதியாகும், அடுத்த மாதம் புதுசு வரும். அட்டை மட்டும் அப்படியே இருக்கும். ஆள் வேறு, அவர் கட்டும் பணம் வேறு, இரண்டையும் இணைப்பது ஒரு எண். விஷயம் அவ்வளவுதான்.

இப்போது அதே ஊரில் ஒரு சின்ன ஜிம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூற்றைம்பது உறுப்பினர்கள், இரண்டு பயிற்சியாளர்கள், மேஜையில் ஒரு நீள நோட்டு. ஒரு வரியில் பெயர், முகவரி, போன் நம்பர், பயிற்சியாளர் பெயர், பிறகு ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு கட்டங்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் ஒருவர் மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் எந்தக் கட்டத்தில் எழுதுவது? பாதிப் பணம் கட்டியவருக்கு? புது வருஷம் பிறந்தால் நூற்றைம்பது முகவரிகளையும் மறுபடி எழுத வேண்டும். யாராவது நம்பர் மாற்றினால் பழைய நோட்டில் ஒன்று, புது நோட்டில் ஒன்று என்று இரண்டு உண்மைகள் உலாவத் தொடங்கிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், கம்ப்யூட்டர் வந்த பிறகும் இதே தொல்லை தொடர்ந்தது. 1966 இல் அப்பல்லோ விண்வெளித் திட்டத்தின் லட்சக்கணக்கான உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க ஐ.பி.எம். நிறுவனம், ராக்வெல், கேட்டர்பில்லர் நிறுவனங்களுடன் சேர்ந்து ஐ.எம்.எஸ். என்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது. அதில் தகவல்கள் மரம் போல அடுக்கப்பட்டிருக்கும். வேரிலிருந்து கிளை, கிளையிலிருந்து இலை. ராக்கெட்டின் பாகங்களுக்கு அது பொருத்தமான அமைப்புதான். ஆனால் இலையிலிருந்து கேள்வி கேட்டால் திணறும். "இந்தப் பயிற்சியாளரிடம் யார் யார் வருகிறார்கள்?" என்று கேட்க, அதற்கென்று முன்கூட்டியே பாதை போட்டிருக்க வேண்டும்.

இதை உடைத்தவர் இங்கிலாந்தில் பிறந்து ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த எட்கர் காட். 1970 ஜூனில் வெளியான கட்டுரையில் அவர் சொன்ன யோசனை மிக எளிமையானது. எல்லாவற்றையும் சாதாரண அட்டவணைகளாக வை. அட்டவணைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பாதைகள் வேண்டாம், பொதுவான ஒரு எண்ணே அவற்றைச் சேர்க்கட்டும். அடுத்த ஓரிரு ஆண்டுகளில், ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதாமல் இருக்கும் விதிகளையும் வகுத்தார். கல்லூரிப் பாடத்தில் நார்மலைசேஷன் என்று பயமுறுத்துவது இதைத்தான். ஐ.எம்.எஸ். நன்றாக விற்றுக்கொண்டிருந்ததால் ஐ.பி.எம். அவசரப்படவில்லை. 1979 இல் ஆரக்கிள் முந்திக்கொண்டு விற்பனைக்கு வந்தது. காட் 1981 இல் டூரிங் விருது பெற்றார்.

சின்னக் கடைகளுக்கு இது வந்து சேர்ந்த வழி வேறு. அமெரிக்காவில் வெய்ன் ராட்லிஃப் என்ற பொறியாளர், அலுவலகக் கால்பந்துப் பந்தயத்தில் ஜெயிக்க உதவும் என்று 1970களின் இறுதியில் எழுதத் தொடங்கிய புரோகிராம்தான் டிபேஸ் 2 ஆகக் கடைக்கு வந்தது. (டிபேஸ் 1 என்று ஒன்று விற்கப்பட்டதே இல்லை!) டிபேஸ் 3 பிளஸ், ஃபாக்ஸ்புரோ என்று 1990களில் தமிழ்நாட்டின் கம்ப்யூட்டர் சென்டர்களில் படித்தவர்களுக்கு அந்தக் கறுப்புத் திரை இன்னும் மறந்திருக்காது.

ஆனால் அந்த மென்பொருள்களோடு ஒரு வெளிநாட்டுப் பழக்கமும் வந்தது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு கடைசிப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இருக்கிறது. அதையும் ஆங்கிலத்தில் அடித்தால் சுப்பிரமணி மகனும் செல்வம் மகனும் சண்முகம் மகனும் ஒரே "எஸ்" ஆகிவிடுகிறார்கள். எஸ். முருகன் இரண்டு பேர் இருக்கும் ஜிம்மில், ஒருவர் கட்டிய ஆயிரம் ரூபாய் இன்னொருவர் கணக்கில் ஏறினால் என்ன ஆகும்? கட்டியவரை வாசலில் நிறுத்திப் பணம் கேட்பார்கள். அவர் பொய் சொல்கிறார் என்று கம்ப்யூட்டரே சாட்சி சொல்லும்.

சரி, போன் நம்பரை அடையாளமாக வைத்தால்? கைவிடப்பட்ட நம்பர் 90 நாள் கழிந்ததும் வேறொருவருக்குப் போய்விடலாம். காக்களூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களுக்கு வெளியூரிலிருந்து வேலைக்கு வருபவர்கள் சிம் மாற்றுவது சாதாரணம். ஆதாரா? தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்க வழிவிட்ட சட்டப் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆக, ஜிம் தானே 1, 2, 3 என்று ஒரு எண் கொடுப்பதுதான் நல்லது. ரயில்வே அட்டையில் செய்தது போலவே!

அந்த எண்ணைக் கொண்டு மூன்று அட்டவணைகள் போதும்: உறுப்பினர், கட்டணம், உடல் அளவு. கட்டணத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. மாதம் ஐந்நூறு என்ற விலை தனியாக ஒரு பட்டியலில் இருந்தாலும், அன்று வாங்கிய தொகையை அந்த வரியிலேயே எழுதி வைக்க வேண்டும். இது ஒரே தகவலை இரண்டு முறை எழுதுவது போலத் தெரியும், ஆனால் இல்லை. நாளை விலை அறுநூறு ஆனால், பட்டியலை மட்டும் நம்பியிருப்பவரின் பழைய ரசீதுகள் எல்லாம் தானாக அறுநூறாக மாறி நிற்கும்.

எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றைத் தனியே வைப்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. வரவு எழுதும் பையனுக்கு உறுப்பினரின் சர்க்கரை அளவு எதற்கு? 2023 இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி வைக்கப்பட்டுள்ளன. அதன்படி 18 வயது நிறையாதவரின் தகவலை வாங்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். தேவை முடிந்த தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையும் உண்டு. ஒருவர் ஜிம்மை விட்டுப் போகும்போது, அவர் கட்டிய பணத்தின் விவரம் வரிக் கணக்குக்காக இருந்தாக வேண்டும், அவர் உடம்பின் விவரம் போயாக வேண்டும். தனித்தனி அட்டவணையாக இருந்தால் அது ஒரு நிமிட வேலை. நீள நோட்டாக இருந்தால் பக்கத்தைக் கிழிக்க வேண்டியதுதான், பின்பக்கத்தில் இருப்பவரின் கணக்கோடு சேர்த்து!