சாணைத் தூசியும் காற்றாடியும்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள ஷெஃபீல்டு நகரம் கத்தி, கத்திரி, முள்கரண்டி முதலியவற்றுக்குப் பேர்போனது. அவற்றுக்குக் கூரும் பளபளப்பும் ஏற்றிய சாணைக்காரர்களில் பலர், பிறருக்குச் சொந்தமான கட்டிடத்தில் சக்கரம் சுழலும் இடத்துக்கு வாடகை செலுத்தி, தாமே முதலாளியாகவும் தாமே தொழிலாளியாகவும் ஜீவனம் நடத்திய சிறு பட்டறைக்காரர்கள். சக்கரங்களை ஆற்றுநீர் சுழற்றிய நாட்களில், நீர் வற்றினால் வேலை நின்றது. நெஞ்சுக்கும் ஓய்வு கிடைத்தது. நீராவி யந்திரம் வந்த பின்னரோ, தாழ்ந்த அறைகளில் நெருக்கமாக அமர்ந்து ஆண்டு முழுவதும் இடைவிடாமல் சாணை பிடிக்கலாயினர்.

குதிரைமேல் ஏறியவனைப் போல் மரப்பலகையின் இருபுறமும் காலிட்டுக் குனிந்து, மணற்கல் சக்கரத்தில் எஃகை அழுத்தும்போது, கல்லும் எஃகும் பொடியாகி நேரே முகத்துக்கு வந்தன. கல்லை நீரில் நனைத்துச் சாணை பிடித்தவர்களுக்குத் தீங்கு குறைவு. உலர்ந்த கல்லில் முள்கரண்டி தீட்டியவர்களுக்கோ அது யமனாகவே வாய்த்தது. ஏறக்குறைய 2,500 சாணைக்காரர்களில் இவர்கள் சுமார் 150 பேர். இவர்கள் 28 முதல் 32 வயதுக்குள் மாண்டனர் என்று 1830ல் அவ்வூர் வைத்தியர் ஆர்னால்டு நைட் எழுதினார். குடிகாரச் சாணைக்காரனே அதிக நாள் வாழ்கிறான், ஏனெனில் அவனே அதிக நாள் வேலைக்கு வருவதில்லை என்று அவர் கண்டது விகடமன்று.

பரிகாரம் தேடாமலும் இல்லை. 1820களின் தொடக்கத்தில் ஏபிரகாம் என்பவர் காந்தம் பொருத்திய வாய்க்கவசம் ஒன்றைச் செய்தார். அது இரும்புத் துகளைப் பற்றியதேயன்றி, அதனினும் கொடிய கல்தூசியை விட்டுவிட்டது. அதைக் காட்டிலும் அறிவார்ந்தது, சக்கரத்தை மரப்பெட்டியால் மூடி, பொறி பறக்கும் திசையில் திறப்பு வைத்து, அங்கிருந்து குழாயைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய், அதே யந்திரத்தின் வார்ப்பட்டையால் சுழலும் காற்றாடியைக் கொண்டு தூசியை உறிஞ்சும் ஏற்பாடு.

ஆயினும் சாணைக்காரர்களிற் பலர் அதை வேண்டாமென்றனர். சில இடங்களில் உடைத்தும் எறிந்தனர். ஆபத்து நீங்கினால் ஆட்கள் பெருகுவர், ஆட்கள் பெருகினால் கூலி விழும் என்பது அவர்கள் கணக்கு. அறியாமை என்று இதை இகழ்வது எளிது. ஆனால் மரணத்தின் பேரால் மட்டுமே கூலி உயர்ந்து நின்ற ஒரு தொழிலில் அந்தக் கணக்கு பிழையானதன்று, கொடியது மட்டுமே. அதனால்தான் 1867ஆம் ஆண்டின் சட்டங்கள், சிறு பட்டறைகளிலும் காற்றாடி வைக்கும்படி ஆணையிடும் அதிகாரத்தை அரசாங்கப் பரிசோதகருக்கு அளிக்க வேண்டியதாயிற்று. 1891ல் அமெரிக்கரான எட்வர்டு ஆச்சிசன் கண்டுபிடித்த கார்போரண்டம் என்ற செயற்கைச் சாணைப்பொருள், காலக்கிரமத்தில் மணற்கல்லின் இடத்தைப் பிடித்தது.

அந்தக் காற்றாடி ஏற்பாட்டைப் போலவே, இன்று வீட்டின் பின்கட்டில் சாணைச் சக்கரத்துடன் சிறு பட்டறை அமைக்கும் அன்பர்களும் உறிஞ்சும் குழாயின் வாயை அறையின் மூலையில் அல்லாமல், சக்கரத்தை ஒட்டியே வைக்க வேண்டும். தூசி சேரும் பையையும் இயன்றவரை சுவருக்கு வெளியே வைப்பது உத்தமம்.