பாலை: மரமா, மணலா?

ஆனி, ஆடி மாதங்களில் பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியவுக்கு பஸ் ஏறியவர்களுக்கு இது தெரியும். ஏறும்போது குடை நனைந்திருக்கும். கொடகவெல தாண்டிக் கீழே இறங்க இறங்க, வெயில் முகத்தில் அறையும். இரண்டு ஊரும் இரத்தினபுரி மாவட்டம்தான். இரத்தினபுரி நகரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. 1,750க்குக் குறைந்தால் அந்த இடத்தை உலர் வலயம் என்கிறது இலங்கைப் புவியியல். தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் வெறுங்காற்றாய் இறங்குகிறது. அதற்குக் கச்சான் என்று பெயர். (பஸ் நிலையத்தில் சுருளில் கட்டி விற்கும் கச்சான் கடலை வேறு. அது ‘காச்சாங்’ என்ற மலாய்ச் சொல்லின் வழி வந்தது என்பார்கள்.)

இந்த மழை மறைவு நிலத்துக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு: பாலை.

பாலை என்றதும் இன்று நம் கண்ணில் மணலும் ஒட்டகமும் வருகின்றன. பள்ளிக்கூடப் புத்தகத்துச் சகாராவும், வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய படங்களும் சேர்ந்து செய்த வேலை அது. பழந்தமிழ்ப் பாலையில் மணலைவிடக் கல்தான் அதிகம். தொல்காப்பியம் மற்ற நான்கு நிலங்களுக்கும் தெய்வம் சொல்கிறது, பாலைக்குச் சொல்வதில்லை. வேனிலையும் நண்பகலையும் மட்டும் கொடுத்து ‘நடுவுநிலைத் திணை’ என்கிறது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் பாலை ஆகும் என்று விளக்குகிறார் இளங்கோவடிகள். அதாவது பாலை ஓர் இடம் அல்ல, ஒரு நிலத்துக்கு நேர்கிற நிலை. மலையே பாலையாகலாம். சங்கப் பாடல்களில் பாலை வழிக்குச் ‘சுரம்’ என்று பெயர். அதே சொல் மலையாளத்தில் இன்றும் மலைக்கணவாயைக் குறிக்கிறது. வயநாட்டுக்கு ஏறுகிறவர்கள் பலர் தாமரச்சேரிச் சுரம் வழியாகப் போகிறார்கள்.

இளங்கோவின் விளக்கத்துக்கு முழு உருவம் வேண்டுமென்றால் லடாக்கைப் பார்க்கலாம். 2019இல் தனி ஒன்றியப் பகுதியான அந்த மலைநாட்டில், லே நகரம் ஏறக்குறைய 3,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு மழையோ சுமார் 100 மில்லிமீற்றர்தான். இமயம் மறைத்துக்கொண்ட மழை அது. நூப்ராப் பள்ளத்தாக்கில் மணல்மேடும் இரட்டைத் திமில் ஒட்டகமும்கூட உண்டு என்பதால் பள்ளிப் புத்தகக்காரரும் கோபிக்கமாட்டார்.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது? குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் போலப் பாலையும் ஒரு தாவரம். வெட்பாலை, ஏழிலைப்பாலை, உலக்கைப்பாலை எனப் பல மரங்கள் இந்தப் பெயரில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் கீறினால் பால் வடியும். இறப்பர்த் தோட்டத்தில் விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவருக்கு இந்தச் சொற்பிறப்பை விளக்க அகராதி தேவையில்லை. சங்கத் திணைக்குரிய மரம் வெட்பாலைதான் என்பவர்கள் பலர். எனக்கென்னவோ உலக்கைப்பாலையின் மேல்தான் சந்தேகம். வெட்பாலை வேனிலில் இலை உதிர்க்கும். உலக்கைப்பாலை காடே காய்ந்து நிற்கும்போதும் பச்சையாய் நிற்கும். இலங்கைத் தமிழர் வெறுமனே ‘பாலை’ என்றால் அதைத்தான் சொல்கிறார்கள். தண்ணீரில் போட்டால் மூழ்கும் கனத்த மரம். ஒரு காலத்தில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போட்டார்கள். திருகோணமலையின் பாலையூற்று, மட்டக்களப்பின் பாலையடிவட்டை எல்லாம் அதன் நிழலில் பிறந்த பெயர்கள்.

சிங்களத்தில் அது ‘பலு’. எம்பிலிப்பிட்டியவிலிருந்து கிழக்கே யால வரை போனால், பழக்காலத்தில் கரடிகள் ஏறியிருக்கும் மரம் அதுவே.

எம்பிலிப்பிட்டியவைச் சுற்றி இப்போது வயலும் வாழையும். மலை மறைத்த மழையை வளவை கங்கை ஆறாகக் கொண்டுவந்து தர, 1960களில் கட்டிய உடவளவை அணை அதைத் தேக்கி வைக்கிறது. பாலை மருதமாவதற்கு இலக்கணத்தில் சூத்திரம் இல்லை, வாய்க்காலில் இருக்கிறது.

பாலைப்பழம் சின்னது, மஞ்சள் நிறம், நல்ல இனிப்பு. நாலைந்து தின்றதுமே உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பழத்திலும் பால்.